போதையும் போதனையும்

யாழ்ப்பாணச் சமூகம் தன்னைப்பற்றிப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது முதலில் முன்வைப்பது தனது கல்விச் சிறப்பையே. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கியமை, 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தோன்றியமை, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியமை ஆகிய செய்திகள் பரிசளிப்பு விழாக்கள் தோறும் ஓதப்பட்டு வருவன. அச்சமூகமே இன்று ஹெரோயினுக்கும் ஐஸுக்கும் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கின்றது. இந்நிலையில் அது நம்பிக்கையுடன் உச்சரிக்கும் சொற்கள் இரண்டே: ஒன்று கல்வி, மற்றையது புனர்வாழ்வு. பொதுக்கூட்டத் தீர்மானங்கள், மாவட்டச் செயலகக் கலந்துரையாடல்கள், பத்திரிகைகளின் ஆசிரியத் தலையங்கங்கள் யாவும் இவ்விரு சொற்களோடு முற்றுப்பெறுகின்றன. ஆனால், கல்வி என்று இங்கே கூறப்படுவது பெரும்பாலும் அச்சுறுத்தலாகவும், புனர்வாழ்வு என்று கூறப்படுவது பெரும்பாலும் தடுத்துவைத்தலாகவும் இருக்கின்றன. பெயர் நன்றாயிருப்பதனாற் பொருளும் நன்றாகவே இருக்குமென எண்ணும் சோம்பல் பெருங்கேட்டை விளைத்து வருகின்றது.

பிரச்சினையின் தன்மையை முதலில் நோக்குதல் வேண்டும். குடாநாடு கடலாற் சூழப்பட்டது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கோடிக்கரையும் வேதாரணியமும் ஓரிரவிற் சென்று மீளத்தக்க தூரத்தில் உள்ளன. மாதகலிலிருந்து பருத்தித்துறை வரை செல்லும் வடகரையும், வடமராட்சி கிழக்கின் நீண்ட மணற்கரையும், தீவகமும் எந்தக் காவலாலும் முற்றாக அடைத்துவிடத்தக்கன அல்ல. ‘கேரளக் கஞ்சா’ என்று பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து தமிழ்நாட்டுக் கரைவழியே வருவதாகும். பெயரளவிலேதான் அது கேரளத்தது. ஹெரோயின் ஆப்கானிஸ்தானத்திலிருந்து மக்ரான் கரைவழியாக இந்துசமுத்திரத்தில் இறங்கி, மீன்பிடி வள்ளங்களில் மாற்றப்பட்டு வருகின்றது. அதனுடன் மெதம்பெற்றமைன் எனப்படும் ஐஸ் சேர்ந்துகொண்டுள்ளது. இவற்றுக்கு முதற்படியாக அமைவன பாடசாலைகளுக்கு அண்மையிலுள்ள பெட்டிக்கடைகளில் மறைத்து விற்கப்படும் மாவாப் பாக்கும், மருந்துக்கடைகளிலிருந்து கசியும் பிரிகபலின் போன்ற குளிசைகளுமாம். ஐஸைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் மாவா விற்கும் கடைக்காரரிடம் அன்றாடம் சாமான் வாங்குவோராகவும் இருப்பதுண்டு.

இவ்விடயத்தில் மூன்று வாதங்கள் குடாநாட்டில் நிலைபெற்றுள்ளன. முதலாவது, ‘அந்தக் காலத்தில் இப்படி இருக்கவில்லை’ என்பது. போர்க்காலத்தில் இளைஞரிடையே போதைப்பொருள் பரவவில்லையென்பதை இவ்வாதம் ஒழுக்கத்தின் வெற்றியாகக் காண்கின்றது. உண்மையில் அன்று கடல் மூடப்பட்டிருந்தது. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை மண்ணெண்ணெயையும் சவர்க்காரத்தையுமே அரிதாக்கியது. ஏ-9 வீதி பல்லாண்டுகள் பூட்டப்பட்டுக் கிடந்தது. இவற்றோடு துப்பாக்கியின் அச்சமும் இருந்தது. அச்சத்தாற் கட்டப்பட்ட ஒழுங்கு அச்சம் நீங்கியவுடன் அவிழ்ந்துபோகும் இயல்பினது. 2009 மே மாதத்தின் பின்னர் வீதியும் கடலும் திறந்தபோது, அவற்றினூடாக வந்தவற்றை ஏற்கவும் தள்ளவும் வேண்டிய உள்ளுறுதியை இளைஞரிடத்தில் எவரும் வளர்த்திருக்கவில்லை. ஆதலால், அந்தக் காலத்தை மீட்டுத் தருமாறு வேண்டுவோர் எதனை மீட்டுத் தருமாறு வேண்டுகின்றனர் என்பதைத் தமக்குள்ளேனும் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று.

இரண்டாவது, இது தமிழ் இளைஞரை அழிக்கத் திட்டமிட்டுப் பரப்பப்படுவது என்னும் வாதம். இதனை வெறும் கற்பனையென ஒதுக்கிவிட முடியாது. படைமுகாம்களும் கடற்படைத் தளங்களும் நிறைந்த ஒரு நிலப்பரப்பில் இத்துணைச் சரக்கு எவ்வாறு கரையேறுகின்றது என்னும் வினா நியாயமானது. அதற்கு விடைகூற வேண்டிய கடப்பாடு அரசினுடையது. எனினும் இவ்வாதத்தில் ஒரு வசதி மறைந்துள்ளது. குற்றவாளி வெளியில் இருப்பானாயின் வீட்டிலுள்ளவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. தென்னிலங்கையிலும் கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளிலும் ஹெரோயின் பல பத்தாண்டுகளாகச் சிங்கள, முஸ்லிம் ஏழை இளைஞரை அழித்து வருகின்றது. 1984ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைக்க வேண்டியேற்பட்டது. அங்கே அழிக்கப்படுவது எந்த இனம் என்று இவ்வாதத்தினர் வினாவுவதில்லை. சந்தேகம் நியாயமானதாயினும் அது சிகிச்சையாகாது. சரக்கை அனுப்பியவன் யாராயினும், அதற்கு அடிமைப்பட்ட பிள்ளை குடாநாட்டின் ஒரு வீட்டிலேதான் இருக்கின்றான்.

மூன்றாவது வாதமே மிகுந்த செல்வாக்குடையது: ‘தண்டனை போதாது’ என்பது அது. போதுமான தண்டனை எத்தகையது என்பதை இலங்கை நாற்பதாண்டுகளாகப் பரிசோதித்துவிட்டது. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, இரண்டு கிராம் ஹெரோயினை உடைமையில் வைத்திருத்தலே மரணதண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாயிற்று. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஐஸையும் அவ்வரிசையிற் சேர்த்தது. 1976இற்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படாத நாட்டில், 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண உத்தரவில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2023 டிசெம்பர் 17இல் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்திற்குள் 29,000இற்கு மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டதாகச் சுட்டி, அதனை இடைநிறுத்துமாறு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிற் கோரினர். அந்நடவடிக்கையை நடத்திய பொலிஸ்மா அதிபரே 2025 ஆகஸ்ட் மாதத்திற் பாராளுமன்றத்தாற் பதவி நீக்கப்பட்டமை வேறு கதை. ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேருக்கும் இடம் போதாத சிறைகளில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நெருக்குண்டு கிடக்கின்றனர். தண்டனை பெற்றுச் செல்வோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் போதைப்பொருட் குற்றங்களுக்காகச் செல்வோர். இத்தனைக்கும் பின்னர் சரக்கின் வரத்து நின்றதாக எவராவது கூறத் துணிவரா? தண்டனை போதாதென்போர் இன்னும் எதனை வேண்டுகின்றனர்?

கல்வி என்னும் பேச்சுக்கு வருவோமாயின், குடாநாட்டுப் பாடசாலைகளில் நடைபெறும் போதை ஒழிப்புக் கல்வியின் உருவம் அனைவரும் அறிந்ததே. காலைப் பிரார்த்தனை முடிந்தபின் மாணவர் மண்டபத்தில் அமர்த்தப்படுவர். சீருடை தரித்த பொலிஸ் அதிகாரி ஒருவரோ, அழைக்கப்பட்ட பிரமுகர் ஒருவரோ உரையாற்றுவார். அழுகிய ஈரலினதும் கைவிலங்கினதும் படங்கள் திரையிற் காட்டப்படும். சத்தியப்பிரமாணம் செய்யப்படும். சுவரொட்டிப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடைபெற்றுப் பரிசில்கள் வழங்கப்படும். அப்பரிசில்களைப் பெறுவோர் எக்காலத்திலும் மாவாவைத் தொட்டறியாத வகுப்பின் முதன்மை மாணவர்களே. எவனுக்காக இவையெல்லாம் நடத்தப்பட்டனவோ, அவன் அன்று பாடசாலைக்கு வந்திருக்கமாட்டான்.

இம்முறை பயன்தராதென்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1983இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பொலிஸாரைக் கொண்டு வகுப்பறைகளிற் போதை எதிர்ப்புப் பாடம் நடத்தும் ‘டெயார்’ திட்டம் தொடங்கப்பட்டு, அமெரிக்கா முழுவதும் பரவியது. அதனை ஆராய்ந்தோர், அப்பாடங்களைக் கேட்ட மாணவருக்கும் கேளாத மாணவருக்கும் இடையே போதைப் பழக்கத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை எனத் திரும்பத்திரும்பக் கண்டனர். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றம் பற்றிய அலுவலகம் 2013இலும் மீண்டும் 2018இலும் வெளியிட்ட தடுப்பு நியமங்கள், அச்சமூட்டும் உரைகளும், பழைய அடிமைகளை மேடையேற்றிச் சாட்சியம் சொல்லவைத்தலும் பயனற்றவை என்றே வகுத்துள்ளன. காரணம் வெளிப்படை. ஒருமுறை புகைத்தால் இறந்துவிடுவாய் என்று கற்பிக்கப்பட்ட சிறுவன், ஒருமுறை புகைத்தும் இறவாத தன் நண்பனைக் காண்கின்றான். அக்கணத்திலேயே ஆசிரியரின் ஏனைய சொற்களும் பொய்யாகிவிடுகின்றன. அளவும் விளைவும் பற்றிய மெய்யான செய்தியை, கேள்வி கேட்க இடங்கொடுத்து, நம்பிக்கைக்குரிய ஒருவர் சிறு குழுவில் உரையாடுவதே கல்வி. அதனை விழாவாக நடத்தவியலாது. புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பவும் இயலாது. ஆதலாலேயே அது நடைபெறுவதில்லை போலும்.

ஆயினும், கல்வியின் பெருங்குறை போதை பற்றிய பாடத்தில் உள்ளதன்று, கல்வியமைப்பிலேயே உள்ளது. குடாநாட்டின் கல்வி உத்தியோகத்துக்கு ஏறும் ஏணியாக வளர்ந்தது. 1971இல் வந்த தரப்படுத்தல் அவ்வேணியின் படிகளை முறித்தபோது ஓர் தலைமுறையே கொதித்தெழுந்தது; இவ்வெழுச்சியின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஏணியில் முதலிலிருந்தே கால்வைக்க முடியாதோர் பற்றி எழுதியவர் மிகச்சிலர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலிற் பின்தங்கியவன், சாதாரண தரத்திற் கணிதம் சித்தியெய்தாதவன், ரியூசனுக்குப் பணம் கட்ட வழியற்றவன் ஆகியோருக்கு இச்சமூகம் வைத்துள்ள பெயர் ‘உதவாக்கரை’. பதினைந்து வயதில் அப்பெயரைச் சூட்டிச் சந்தியில் நிறுத்திவிட்டு, சந்தியில் அவனுக்கு யார் மரியாதை தருகின்றனர் என்று பின்னர் வியப்பதிற் பொருளில்லை. வாள்வெட்டுக் குழுக்களும் பொட்டலம் கொடுத்து விற்கச் சொல்வோருமே அவனைப் பெயர்சொல்லி அழைக்கின்றனர். கட்டாயக் கல்விக்குரிய வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 1998 முதல் அது பதினான்காக இருந்தது. இடைவிலகும் பிள்ளையைத் தேடிச் செல்லவேண்டிய வரவுக் குழுக்கள் ஏட்டளவில் உள்ளன. ஒரு கிராமத்தில் அக்குழு வீட்டுக்கு வீடு சென்று ஒரேயொரு பிள்ளையை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவந்திருப்பின், அது நூறு சுவரொட்டிகளினும் பெரிய போதை ஒழிப்பு வேலையாகும். தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லும் மகனைப்பற்றி அயலாருக்குக் கூறத் தயங்கும் தந்தைமார் உள்ளவரை அவ்வேலையும் அரைகுறையாகவே இருக்கும்.

மதுவிலக்கில் யாழ்ப்பாணத்துக்குப் பழைய அநுபவம் உண்டு என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கள்ளுத் தவறணைகளையும் சாராயத் தவறணைகளையும் ஊரவரின் வாக்கெடுப்பால் மூடுவிக்கும் இயக்கம் இங்கே ஊக்கமாக நடந்தது. 1927 நவம்பரில் மாணவர் காங்கிரஸின் அழைப்பில் காந்தி வருகைதந்த காலத்திலும் மதுவிலக்கு இங்கு சூடான பொருளாயிருந்தது. அவ்வியக்கத்தின் நன்னோக்கத்தை ஐயுறவேண்டியதில்லை. ஆனால், குடிப்பவன் மேல்வீட்டிலும் இருந்தான். குற்றம் மட்டும் மரமேறிச் சீவியவனின் குடிசையில் இறங்கியது. சீவற்றொழிலாளரின் நிலையிற் சிறிது மாற்றம் வந்தது 1970களில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்து, குத்தகைக்காரனின் பிடியிலிருந்து தம் தொழிலை விடுவித்துக்கொண்டபோதே. இன்றும் அதே வழக்கம் தொடர்கின்றது. போதைப்பொருள் என்றவுடன் ‘அந்தப் பகுதிப் பெடியள்’ என்று கடற்கரையோரக் குடியிருப்புகளையும் ஒடுக்கப்பட்டோரின் ஊர்களையும் விரல் சுட்டுவோர், தம் வீட்டுத் திருமணத்தில் வெளிநாட்டுச் சாராயப் போத்தல்கள் எத்தனை உடைந்தன என்று எண்ணிப்பார்ப்பதில்லை. குடாநாட்டின் கல்வீடுகளிலும் பிள்ளைகளின் கல்விச் செலவிலும் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலையின் காசு சிறிதன்று கலந்துள்ளது என்பதும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று.

இனிப் புனர்வாழ்வு. இச்சொல் வடக்கில் வெறுஞ்சொல்லன்று. 2009இற்குப் பின்னர் சரணடைந்தோரும் பிடிபட்டோருமாகிய 11,000இற்கு மேற்பட்ட முன்னாட் போராளிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலே முகாம்களில் வைக்கப்பட்டு, தையலும் தச்சும் பழக்கப்பட்டு, சான்றிதழோடு வெளியே அனுப்பப்பட்டனர். அதற்கு இடப்பட்ட பெயர் புனர்வாழ்வு. அதனை நடத்திய புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகமே பின்னர் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டோரையும் பொறுப்பேற்றது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு அதன் பெரிய நிலையம். முன்னாட் போராளிகளைத் தடுத்துவைத்த இடமே போதைக்கு அடிமைப்பட்டோரை வைக்கும் இடமாயிற்று. பெயர்ப்பலகையை மாற்றவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதே சொல் இரண்டுக்கும் பொருந்திற்று. நோயாளிக்கும் கைதிக்கும் ஒரே முகாம், ஒரே காவலர், ஒரே பெயர். இவ்வொற்றுமையில் வெட்கப்படத்தக்க ஏதோவொன்று உண்டென்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள்கூட அரிதாகவே சுட்டின. ‘கந்தக்காட்டுக்கு அனுப்புக’ என்றே அவற்றுட் சில கோரின.

அவ்விடத்தில் நிகழ்ந்தவை பொதுப்பதிவில் உள்ளன. 2020 ஜூலையிற் கொவிட் தொற்று அங்கே பெருங்கொத்தாக வெடித்தது. 2022 ஜூன் இறுதியில் அங்கு வைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலியுடைத்து ஓடினர். தாக்குதல் தொடர்பில் இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்த நால்வர் கைதாயினர். மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் நூற்றுக்கணக்கில் வேலி பாய்ந்து ஓடிய செய்தி எங்கேனும் உண்டா? ஓடியவரைப் பிடிக்கப் படையினர் காட்டைச் சுற்றிவளைத்தனர் என்ற செய்தியைப் படிக்கும் எவருக்கும் அது எத்தகைய இடமென்பது விளங்காமற்போகாது. 2012ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஐக்கிய நாடுகளின் பன்னிரு அமைப்புகள், கட்டாயப் போதைத் தடுப்பு முகாம்களை மூடுமாறு உலக அரசுகளைக் கூட்டாகக் கேட்டிருந்தன. இலங்கை மறுதிசையிற் சென்றது.

அத்திசை எவ்வாறு சட்டமாயிற்று என்பது மிகவும் சிந்திக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கட்டளையின்மீது ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப ஏற்கெனவே இடமளித்திருந்தது. 2022இல் அரசு புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, அதிற் போதைக்கு அடிமைப்பட்டோரோடு முன்னாட் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுவினர், வேறெந்தக் குழுவினரும் என்று ஒரு நீண்ட வலை விரிக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது, உயர் நீதிமன்றமும் அது அரசியலமைப்புக்கு முரணென்று கண்டு, போதைக்கு அடிமைப்பட்டோர் முதலாகச் சட்டத்தால் இனங்காணப்பட்டோருக்கு மட்டுப்படுத்தினால் முரண் நீங்குமெனத் தீர்மானித்தது. 2023 ஜனவரியிற் சட்டம் நிறைவேறியது. அரசியற் கைதிக்கு ஆகாதெனப் போராடி விலக்கப்பட்ட முகாம் போதை நோயாளிக்கு ஆகுமென ஏற்கப்பட்டது. தம்மவரை அதிலிருந்து காத்துக்கொண்டவர் அனைவரும் வீடு திரும்பினர். அவனுக்காகக் குரல் கொடுக்க எந்தக் கட்சியும் இருக்கவில்லை. அவனுக்கு வாக்கு வங்கி இல்லை; அவனுடைய தாய்க்கு வெட்கம் இருந்தது.

முகாம் பயன்தருமாயின், கொடுமையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கூறுவாரும் உளர். பயன் தருமா என்பதையும் நோக்கலாம். வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். நாடு திரும்பியபின் அவர்களை ஆராய்ந்த லீ ரொபின்ஸ் என்னும் ஆய்வாளர், அடிமைப்பட்டிருந்தோருள் முதலாண்டில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே மீண்டும் அடிமைப்பட்டமையைக் கண்டு 1970களில் உலகை வியப்பிலாழ்த்தினார். பொருள் அதே பொருள். உடலும் அதே உடல். மாறியது சூழல்: போர்க்களம் போய் வீடும் வேலையும் உறவும் வந்தன. கந்தக்காட்டின் தருக்கம் இதற்கு நேர்மாறானது. இளைஞனை அவனுடைய ஊரிலிருந்து பெயர்த்து, மொழி விளங்காத காட்டில் ஓராண்டு வைத்து, எதுவும் மாறாத அதே சந்திக்கு அவனைத் திருப்பி அனுப்புகின்றது. ஆபத்து அத்தோடு முடிவதில்லை. விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்துவிடுகின்றது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானோரைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரு வாரங்களில் அவர்கள் மிகைமருந்தால் இறக்கும் அபாயம் ஏனைய குடிகளிலும் 129 மடங்கு எனக் கணித்தது. கட்டாயமாக நிறுத்திப் பின் கைவிடுதல் சிகிச்சையன்று, சாவைத் தள்ளிவைத்தலேயாகும்.

போதைக்கு அடிமையாதல் நீடித்த நோய். சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர்வரை ஒருகால் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவர். இது குருதியழுத்த நோயிலும் ஆஸ்துமாவிலும் மருந்தை விட்டுவிடுவோரின் விகிதத்தை ஒத்ததே. குருதியழுத்தம் மீண்டும் ஏறிய முதியவரை ‘திருந்தாதவர்’ என்று எவரும் ஏசுவதில்லை. ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரினோபீன் என்னும் மாற்றுமருந்துகள் உண்டு. அவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இலங்கையில் அச்சிகிச்சை இன்னும் பரவலாகவில்லை. ஐஸுக்கு அத்தகைய மாற்றுமருந்து இல்லை. அங்கே உளவளத்துணையும் தொடர்ந்த கண்காணிப்புமே கைகொடுப்பன. போர்த்துக்கல் 2001 ஜூலை முதல், தன் பாவனைக்காகச் சிறிதளவு வைத்திருப்போனைக் குற்றவாளியாக்காமல், மருத்துவமும் சட்டமும் சமூகப்பணியும் அறிந்தோரின் குழுவுக்கு முன் அனுப்பி வருகின்றது. இலங்கைக்கு அது அப்படியே பொருந்துமென்பது வாதமன்று. ஆயினும், வேறுவழி இல்லையென்பது பொய்.

குடாநாட்டுக்கு இதில் ஒரு சிறப்பான காரணமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாட்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் கிராமத்தையும் நம்பிக்கையையும் புண்படுத்துவதைக் கூட்டு மனவடு என்னும் கருத்தால் விளக்கியவர். 2007இல் எழுதிய கட்டுரையிலும், 2014இல் வெளிவந்த நூலிலும் மது, வன்முறை, குடும்பச் சிதைவு ஆகியவற்றை அவ்வடுவின் குறிகளாக அவர் காட்டினார். இன்று ஐஸ் புகைக்கும் பதினெட்டு வயதினன் போரைக் கண்டிரான். ஆனால், போரைக் கண்டு வாயடைத்த தந்தையின் வீட்டில் வளர்ந்தவன் அவன். அவ்வீட்டிற் பேசப்படாதவை பல. வடு கூட்டானதாயின் சிகிச்சையும் ஊருக்குள்ளேயே, குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டே நடைபெறவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். இந்நோயாளியையே பொலன்னறுவைக் காட்டுக்கு ஏற்றிச் செல்கின்றனர்.

குடும்பங்களும் தம் பங்குக்கு இரு மருந்துகளைக் கண்டுபிடித்துள்ளன. ஒன்று, கடன்பட்டேனும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுதல். மற்றையது, ‘ஒரு கலியாணத்தைக் கட்டிவைத்தாற் திருந்திவிடுவான்’ என்பது. பின்னையதன் கொடுமை போதியளவு பேசப்படவில்லை. மாப்பிள்ளையின் நிலையை மறைத்து, சீதனமும் வாங்கி, ஒரு பெண்ணை அவனுக்குச் சிகிச்சையாக வழங்குகின்றனர். நகை அடகுக்குப் போகின்றது, அடி விழுகின்றது, அவள் தாய்வீடு திரும்பினால் ‘இவளுக்குப் புருஷனைத் திருத்தத் தெரியவில்லை’ என்னும் பழியும் அவளுக்கே. மானம் காப்பதென்று இச்சமூகம் கூறுவது பலவேளைகளில் மற்றொருவருடைய பெண்ணைப் பலிகொடுப்பதாகவே முடிகின்றது. நோயை நோயென்று வெளியிற் கூறத்தக்க நிலை உருவாகாதவரை எந்த நிலையமும் நோயாளியை உரிய காலத்திற் காணமாட்டாது. பொலிஸே முதலிற் காணும்.

பல்கலைக்கழகங்கள் இவ்விடயத்தில் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருத்தல் பொருந்தாது. போதையோடு பிடிபட்ட மாணவனை இடைநிறுத்துவதோடு விடுதியின் கடமை முடிந்துவிடுகின்றது. இடைநிறுத்தப்பட்டவன் எங்கே செல்கின்றான்? மருத்துவபீடமும் சட்டம், சமூகவியல், உளவியல் ஆகியன கற்பிக்கும் துறைகளும் ஒரே நாட்டில் இயங்குகின்றன. அவை ஒன்றுகூடிக் குடாநாட்டின் ஒரு பிரதேச செயலகப் பிரிவையேனும் எடுத்து, பாடசாலையை விட்டு விலகிய ஒவ்வொரு பிள்ளையும் ஓராண்டின் பின் என்ன செய்கின்றதென்று தொடர்ந்து பதிந்துவந்தால், மேடைப்பேச்சுக்கும் தலையங்கத்துக்கும் பதிலாக ஆதாரம் கிடைக்கும். 2025 ஒக்டோபர் 30இல் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்னும் பெயரிற் புதிய தேசிய போதை ஒழிப்புச் செயற்றிட்டம் தொடங்கப்பட்டது. அதன் வெற்றியைக் கைதுகளின் தொகையால் அளப்பதா, ஓராண்டின் பின்னும் வேலையிலும் வீட்டிலும் நிலைத்திருப்போரின் தொகையால் அளப்பதா என்பதைத் தீர்மானிக்க அரசுக்குப் பல்கலைக்கழகம் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. கேட்கும்வரை காத்திராமற் சொல்லவேண்டும்.

வேண்டப்படுவது புதிய முகாமன்று. யாழ். போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும் ஏற்கெனவே உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் போதை நோய்க்கென வெளிநோயாளர் நாளொன்று. பொலிஸுக்குப் பெயர் கொடுக்காத இரகசியப் பதிவு. தமிழறிந்த உளவளத்துணையாளர் இருவர். வீட்டுக்குச் செல்லும் சமூகப்பணியாளர் ஒருவர். தொழிற்பயிற்சி நிலையத்தோடு நேரடித் தொடர்பு. இவற்றுக்குக் காட்டை வெட்டவேண்டியதில்லை, வேலி கட்டவேண்டியதில்லை. சிகிச்சைக்கு வருவோனின் பெயர் சுகாதாரத் திணைக்களத்தின் ஏட்டில் இருக்கவேண்டுமேயன்றிப் படைத்துறையின் ஏட்டில் அன்று. செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்கப்படுமாயின், மதுவரித் திணைக்களம் ஆண்டுதோறும் திறைசேரிக்குச் செலுத்தும் வரி எங்கிருந்து வருகின்றதென்று முதலிற் பார்க்கட்டும். 2024இல் மதுபானசாலை உரிமங்கள் அரசியற் சலுகையாகப் பகிரப்பட்டன என்னும் குற்றச்சாட்டு, உரிமங்களின் மாவட்டவாரியான தொகையோடு பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. வடக்கு மாவட்டங்களும் அப்பட்டியலில் இருந்தன. அக்கடைகளிலிருந்து வடக்கு மக்கள் செலுத்தும் வரியின் ஒரு சிறுபங்கு வடக்கின் வைத்தியசாலைகளுக்குத் திரும்புமாறு கேட்பதற்கு மாகாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.